ஸ்டோர் பக்கத்தின் பெரிய எழுத்து

பொன்னேரியில் அவள் ஏறும் வரைக்கும் பக்கத்து இடத்தில் என் சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கும். நான் செவ்வாப்பேட்டையில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி நிற்கும் பிளாட்பாரத்துக்கு ஓடி, லேடீஸ் பெட்டியில் இரண்டு இடம் பிடிப்பேன். ஒன்று எனக்கு. இன்னொன்றுக்காக மீஞ்சூர் தாண்டும் வரை சண்டை போட வேண்டும். "ஆளு வந்தா எந்திரிச்சிக்கிறோம், பைய எடும்மா" என்பார்கள். எழுந்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவள் பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரிக்கு வருவாள். அவளுடைய வாப்பாவுக்கு அங்கே வலையும் கயிறும் விற்கிற கடை. துப்பட்டாவைத் தலையைச் சுற்றிச் சரிசெய்துகொண்டே ஏறுவாள், பையைத் தூக்கி என் மடியில் வைப்பாள், உட்கார்வாள். இடம் பிடித்து வைத்ததற்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. "இன்னா கொழம்பு?" என்பதுதான் அவளுடைய காலை வணக்கம்.

இரண்டாயிரத்து ஐந்துக்குப் பக்கமாக நாங்கள் இரண்டு பேரும் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி உருட்டும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே வாரத்தில், ஒரே அறையில். எடை மேடைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட சின்ன அறை. ஆலையிலேயே ஏசி ஓடுகிற இரண்டு மூன்று அறைகளில் அதுவும் ஒன்று என்பதால், காரணம் இல்லாமலே பலபேர் வந்து கதவைத் திறந்து, "கம்ப்யூட்டர் ஓடுதா?" என்று விசாரித்துவிட்டுச் சற்று நேரம் நின்றுவிட்டுப் போவார்கள்.

எங்கள் வேலை என்ன என்று என் அப்பாவுக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்களுக்குச் செவ்வாப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் நெல் நிலம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"அங்க போயி இன்னாம்மா செய்ற?"

"பட்டனுக்குக் கலர் அடிக்கிறேன் நைனா. எழுத்த பெருசு சின்னது பண்றேன்."

"சட்டை பட்டனா?"

"இல்ல நைனா, கம்ப்யூட்டர்ல வர்ற பட்டன்."

"அதுக்கா காலேஜுக்கு அனுப்பினேன்?" என்றார். ஆனால் வரப்பில் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல எல்லாத்துக்கும் எம்பொண்ணுதான் கலர் குடுக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்ததாக அம்மா சொன்னாள்.

நான் அவரிடம் சொன்னது பெரும்பாலும் உண்மைதான். ஆலையின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தது. வேறு ஊர்களிலும் அவர்களுக்கு ஆலைகள் உண்டு. எல்லா ஆலைகளுக்கும் பொதுவாக, திரையில் வைக்க வேண்டிய உறுப்புகளை மும்பையில் ஒரு குழு செய்து அனுப்பும். தேதி போடுகிற கட்டம், அட்டவணை, தேடுகிற பெட்டி, பட்டன். அவற்றைக் கன்ட்ரோல் என்போம். சீல் வைத்த டப்பா மாதிரி வந்து சேரும். உள்ளே திறந்து பார்க்க முடியாது. ஆனால் எத்தனை பக்கத்தில் வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒரே பட்டன்தான் ஸ்டோர் பக்கத்திலும் வரும், லாரிக்குச் சரக்கு ஏற்றும் டிஸ்பாட்ச் பக்கத்திலும் வரும், கேட்டிலும் வரும். அதன் நடத்தை மும்பையின் கையில். தோற்றம் மட்டும் எங்கள் கையில். எழுத்து எவ்வளவு பெரிது, என்ன நிறம், கோடு எவ்வளவு தடிமன் என்பதையெல்லாம் ஸ்டைல் ஷீட் என்ற ஒரு கோப்பில் விதிவிதியாக எழுதி வைத்தால், அந்த உறுப்புகள் திரைக்கு வரும்போது அந்த விதிப்படி தோன்றும்.

கோப்பு ஒன்றுதான். அதில் எழுதுகிற கைகள் இரண்டு. டிஸ்பாட்ச் பக்கம் எனக்கு, ஸ்டோர் பக்கம் அவளுக்கு என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எனக்கு மெல்லிய கோடு, சின்ன எழுத்து, வெளிர்நீலம். லாரி நம்பர், கம்பியின் கனம், கட்டு, எடை, போகிற ஊர் என்று டிஸ்பாட்ச் அட்டவணையில் ஏகப்பட்ட கட்டங்கள். எழுத்துச் சின்னதாக இருந்தால்தான் எல்லாம் ஒரே திரையில் அடங்கும். அப்படி அடங்கியதைப் பார்த்து நானே மயங்கிப்போயிருந்தேன்.

ஒருநாள் காலையில் டிஸ்பாட்ச் ஆபீசர் எங்கள் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெயிலில் நின்று நின்று கறுத்த, சத்தமாகப் பேசுகிற மனிதர். எப்போதும் காதில் ஒரு பேனா.

"இன்னாமா இது, பட்டன் ஒவ்வொண்ணும் பூசணிக்கா மாரி கீது? லாரி நம்பர் எங்கியோ ஓடிப்பூடுச்சு. தள்ளித் தள்ளிப் பாக்க வேண்டியதா கீது. வெளிய டிரைவருங்க கத்துறானுங்க."

ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். எழுத்தெல்லாம் வீங்கி, பட்டன்கள் பச்சைப் பசேலென்று உப்பி, என் அட்டவணை பாதி திரைக்கு வெளியே போயிருந்தது. திரும்பி வந்து கோப்பைத் திறந்தேன். அவள் ஸ்டோர் பக்கத்துக்காக எழுதிய விதி, எல்லாப் பக்கத்துப் பட்டனுக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தது.

"ஏய், உன் விதி என் பக்கத்த கெடுத்துடுச்சுடி."

"அப்படியா? சரி பண்ணிக்கோ" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரி பண்ணிக்கொண்டேன். அதனால் அவளுடைய ஸ்டோர் பக்கம் சின்னதானது. மதியத்துக்குள் அது மறுபடி பெரிதாக, என்னுடையதும் பெரிதானது.

இந்த விதிகளின் சட்டம் எளிமையானது. இரண்டு விதிகள் ஒரே பட்டனைப் பற்றிப் பேசினால், பின்னால் எழுதியது ஜெயிக்கும். அதைவிடக் குறிப்பாகச் சொன்னது ஜெயிக்கும். வெறுமனே 'பட்டன்' என்பதைவிட 'அட்டவணைக்குள் இருக்கும் பட்டன்' என்பதற்குப் பலம் அதிகம். இதையெல்லாம் ஒரே அடியில் தாண்ட ஒரு வழியும் உண்டு. விதியின் முடிவில் ஓர் ஆச்சரியக்குறி போட்டு 'இம்பார்ட்டன்ட்' என்று எழுதிவிட்டால் போதும், மற்ற விதிகள் ஒதுங்கிக்கொள்ளும். அதை அவசரத்துக்கு மட்டும் எடுக்க வேண்டும் என்று படித்திருந்தோம். அவள்தான் முதலில் எடுத்தாள். நானும் எடுத்தேன். இரண்டு பேரும் எடுத்துவிட்டால் பழைய சண்டை அப்படியே மேல்மாடிக்குப் போய்த் தொடரும், அவ்வளவுதான். எங்கள் கோப்பில் ஒரு கட்டத்தில் ஒவ்வொரு வரியும் முக்கியம் முக்கியம் என்று கத்திக்கொண்டிருந்தது.

பேச்சும் நின்றுபோனது. ஆனால் இடம் பிடிப்பதை நான் நிறுத்தவில்லை. அவளும் வந்து உட்காராமல் இருக்கவில்லை. பொன்னேரியிலிருந்து கவரைப்பேட்டை, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி என்று வாயைத் திறக்காமல் தோளோடு தோள் உரசியபடி போவோம். மதியம் அவளுடைய இறால் தொக்கு டப்பாவை மேசை நடுவில் தள்ளி வைப்பாள். என்னைப் பார்க்க மாட்டாள். நானும் என் வேர்க்கடலைச் சட்டினியை நடுவில் தள்ளி வைப்பேன். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தபடி ஒருவர் டப்பாவிலிருந்து மற்றவர் எடுத்துச் சாப்பிடுவோம். கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கு முதலில் வந்தது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் தகராறு உண்டு.

சிரித்து முடித்ததும் கேட்டேன். "ஸ்டோர்ல நாலு கட்டம்தானே கீது. அதுக்கு எதுக்குடி இவ்ளோ பெரிய எழுத்து? பாக்கவே அசிங்கமா கீது."

"இருக்கட்டும். ஸ்டோர் சாருக்குப் புடிச்சிகீது."

"அவருக்குப் புடிச்சா? அவரு ஒண்ணுமே கேக்க மாட்டாரே."

"புடிச்சிகீதுன்னு சொல்றேன்ல, உட்டுடேன்."

அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. விட்டுவிட்டேன்.

ஸ்டோர் சார் என்று எல்லோரும் சொல்வது ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட பெரியவரை. ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர். பாதி தமிழ், பாதி தெலுங்கு. ஆலை தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருக்கிறார். ஓய்வு பெற இரண்டு வருடத்துக்கும் குறைவு. பேரிங், பெல்ட், நட்டு, கிரீஸ் டப்பா என்று ஆயிரக்கணக்கான சாமான்கள் அவர் பொறுப்பில். எங்களைப் பார்த்தால் "வாம்மா பாப்பா" என்பார். எங்கள் அறைக்கு மட்டும் வரவே மாட்டார். குளிர் ஒத்துக்காது என்பார்.

இப்படி ஒருமாதிரி சமாதானமாகப் போய்க்கொண்டிருந்தபோது மும்பையிலிருந்து கன்ட்ரோல்களின் புதுப் பதிப்பு வந்தது. நாங்கள் விதி எழுதும்போது ஒவ்வொரு உறுப்பையும் அதன் உள்பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். புதுப் பதிப்பில் அந்த உள்பெயர்களை எல்லாம் மாற்றியிருந்தார்கள். யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் அதை ஏற்றி முடித்ததும் எங்கள் விதிகள் இல்லாத ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றன. என் நீலம், அவள் பச்சை இரண்டும் போய், ஆலை முழுக்கச் சாம்பல் நிறத்தில், எறும்பு எறும்பாக மும்பை எழுத்து.

அன்றைக்கென்று நோன்புப் பெருநாளுக்கு முந்தைய நாள். பிறை தெரிந்துவிட்டதாக அவள் வாப்பா போன் செய்துவிட்டார். அவள் பையை மாட்டுவதும் மறுபடி வந்து திரையைப் பார்ப்பதுமாகத் தவித்தாள்.

"நீ கெளம்புடி, நாளான்னிக்கி வந்து பாத்துக்கலாம். பண்டிகைய உட்டுட்டு இங்க இன்னா பண்ணப்போற?"

வாசல்வரை போனவள் திரும்பினாள். "நாளைக்கு ஸ்டோர்லேந்து கூப்ட்டா நீயே போ. வேற யாரையும் அனுப்பாத."

"ஏன்?"

"போன்னா போ."

மறுநாள் காலை டிஸ்பாட்ச் ஆபீசர் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார். என் நீலத்தை அவர் இவ்வளவு நேசித்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. "சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாரி கீதும்மா, எந்த வரி எந்த லாரின்னே தெரில" என்றார். நான் பக்கத்தின் பின்னால் இருக்கும் குறியீட்டைத் திறந்து, புது உள்பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஸ்டோர் சார். குளிர் ஒத்துக்காத மனிதர் எங்கள் அறை வாசலில் நின்றார்.

"அந்தப் பாப்பா இல்லியா?"

"லீவு சார். பெருநாளு."

"ஆமால்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் மறுபடி வந்தார். காலியான நாற்காலியைப் பார்த்தார், போனார். மூன்றாவது தடவை வந்தபோது பின்னால் ஒரு ஃபிட்டரின் குரல், "தப்பான பேரிங்க குடுத்துட்டு எங்க சார் போறீங்க? மில்லு நிக்குது சார்" என்று கேட்டது. அவர் அவனிடம் "இருப்பா, வர்றேன்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, ஒரு நிமிசம் வர்றியா?"

போனேன். ஸ்டோரில் அவருடைய மேசை இரும்பு அலமாரிகளுக்கு நடுவே இருந்தது. உட்கார்ந்ததும் அவர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மூக்கு அதில் இடிக்கும் போலிருந்தது. அப்படியும் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இதுல கடைசி நம்பர் மூணா, எட்டா?"

"எட்டு சார்."

"மூணுன்னு எடுத்துக் குடுத்துட்டேன்." ஃபிட்டருக்குக் கேட்காத குரலில் சொன்னார். எழுந்து போய்ச் சரியான பேரிங்கை எடுத்து வந்தார். எந்தத் தட்டு, எந்த மூலை என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. அலமாரியைப் பார்க்கவே இல்லை. ஃபிட்டர் போனபின் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பாப்பா உங்கிட்ட சொல்லலியா?"

"எத்த சார்?"

"கண்ணுல பொரை. ரெண்டுலயும். சக்கரை எறங்கினாத்தான் ஆபரேசன்னுட்டாரு டாக்டரு. அது எறங்கவே மாட்டேங்குது. தெரிஞ்சா இன்னிக்கே வெயில்ல கம்பி அடுக்குற யார்டுக்கு மாத்திடுவானுங்க. இருக்கிற கொஞ்ச நாள இங்கயே கழிச்சிட்டுப் போலாம்னு பாத்தேன். யார்கிட்டயும் சொல்லாதன்னு அதுங்கிட்ட சொன்னேன். உங்கிட்ட கூடவா சொல்லல?"

"சொல்லல சார்."

"நல்ல புள்ளம்மா அது" என்றார். நான் அலமாரியில் இருந்த பெல்ட்டுகளைப் பார்த்தபடி நின்றேன்.

அறைக்குத் திரும்பி நடக்கும்போது எனக்கு அவள்மீது வந்த உணர்ச்சிக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. மாதக்கணக்கில் என்னோடு சண்டை போட்டிருக்கிறாள். "பாக்கவே அசிங்கமா கீது" என்று சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் விட்டுக் கொடுத்திருப்பேன். சொல்லவில்லை. ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கும்போதுகூட அதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

டிஸ்பாட்ச் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு ஸ்டோர் பக்கத்தை எடுத்தேன். புதுப் பெயர்களைப் பிடித்து அவளுடைய அதே பச்சை, அதே தடித்த எழுத்து, இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாக. எண்களுக்கு நடுவே இடைவெளி விட்டேன். மூன்றும் எட்டும் குழம்பாத எழுத்துரு எது என்று ஒவ்வொன்றாகப் போட்டு, ஸ்டோருக்கு ஓடி, "இது தெரியுதா சார்? இது?" என்று கேட்டேன். கண் டாக்டர் மாதிரி. அவர் நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தபடி "தெரியுது" என்று சொன்ன எழுத்தை வைத்துக்கொண்டேன். என் அவசரத்தில் நானும் அதைப் பொதுவாகவே எழுதியிருந்தேன் போலும், மத்தியானம் டிஸ்பாட்ச் ஆபீசர் தலையை நீட்டி, "மறுபடியும் பூசணிக்காவா?" என்றார்.

"நாளைக்குச் சரியா பூடும் சார்."

"நீ கூடவா!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பொன்னேரியில் அவள் புது சுடிதாரோடும் ஒரு பெரிய தூக்கோடும் ஏறினாள். தூக்கு நிறைய வட்டிலப்பம், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த பெருநாள் இனிப்பு. உட்காரும் முன்பே, "ஸ்டோர்லேந்து கூப்ட்டாங்களா?" என்றாள்.

"ஸ்டோர் பக்கத்த பெருசு பண்ணிட்டேன். உன்னுதவிடப் பெருசு."

அவள் என்னையே பார்த்தாள். "அவரா சொன்னாரா?"

"அவராதான்."

"நான் சொல்லல."

"தெரியும்டி."

வண்டி கிளம்பியதும் சொன்னாள். வேலையில் சேர்ந்த புதிதில் ஸ்டோர் பக்கத்தைச் சொல்லித்தர அவரிடம் போயிருக்கிறாள். சாமான் வாங்க வருகிற ஒவ்வொரு ஃபிட்டரையும் அவர் திரையைப் பார்த்து நம்பரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறார், பசங்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று. யாரும் இல்லாத நேரத்தில் இவளையும் படிக்கச் சொல்லியிருக்கிறார். இவள் வேண்டுமென்றே ஒரு நம்பரைத் தப்பாகப் படித்திருக்கிறாள். அவர் "சரி" என்றிருக்கிறார். "அப்பதான் புரிஞ்சிது. எனக்கு அழுகையே வந்துடுச்சி. அவரும் கண்டுபுடிச்சிட்டாரு நான் கண்டுபுடிச்சத" என்றாள். சொல்லிவிட்டு வட்டிலப்பத்தில் ஒரு பெரிய துண்டை எடுத்து என் வாயில் திணித்தாள். கவரைப்பேட்டை வரை என்னால் பேச முடியவில்லை.

அன்று இறங்குவதற்குள் ஒரு வழியும் கண்டுபிடித்தோம். இத்தனை நாள் எங்கள் மண்டையில் உறைக்காத சின்ன விஷயம். ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டிக்கு 'ஸ்டோர்' என்றோ 'டிஸ்பாட்ச்' என்றோ பெயர் வைத்துவிட வேண்டும். பிறகு எல்லா விதியையும் அந்தப் பெயரில் தொடங்க வேண்டும். 'ஸ்டோருக்குள் இருக்கும் பட்டன் பெரியது' என்றால் அது ஸ்டோர் எல்லையைத் தாண்டாது. அவள் பச்சையும் என் நீலமும் அவரவர் வீட்டில் அவரவர் இஷ்டப்படி இருக்கலாம்.

"இவ்ளோதானா? இதுக்கா இறால் தொக்கு முன்னாடி மூஞ்ச திருப்பிக்கினு உக்காந்திருந்தோம்?" என்றாள்.

அந்த வாரம் கோப்பை முதலிலிருந்து எழுதினோம். ஒருத்தி படிக்க, ஒருத்தி அழிக்க, ஆச்சரியக்குறிகள் ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொன்று போகும்போதும் அவள் "இது உன்னுது", "இதுவும் உன்னுது" என்று கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். நியாயமான கணக்கு அல்ல.

மும்பைதான் மிச்சம். அடுத்த பதிப்பில் மறுபடி பெயர்களை மாற்றினால் மறுபடி எல்லாம் உதிர்ந்துவிடும். அங்கே கன்ட்ரோல் செய்கிற குழுவில் ஒருவரிடம் போனில் பேசினோம். பொறுமையான, சலிப்பான குரல். உள்ளே இருப்பது எங்களுடைய விஷயம், அதை நம்பி நீங்கள் எதையும் எழுதக்கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் சொன்னதும் நியாயம்தான். நான் போனை வைக்கப் போனேன். அவள் வாங்கிக்கொண்டாள். எங்கள் இருவரின் ஆங்கிலமும் நொண்டிதான். ஆனால் அவளுக்கு அதைப் பற்றிய வெட்கம் கிடையாது. உள்ளே நாங்கள் கைவைக்கவில்லை சார், வெளியே எங்கள் பெயரை எழுதிக்கொள்ள ஓர் இடம் விடுங்கள், ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் நாங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறோம், நீங்கள் உள்ளே என்ன வேண்டுமானாலும் மாற்றுங்கள் என்றாள். அவர், வேறு ஆலைகளிலும் இதையே கேட்கிறார்களா என்று கேட்டார்.

"ஆமா சார், எல்லாரும்" என்றாள். எங்களுக்கு வேறு எந்த ஆலையிலும் ஒருவரையும் தெரியாது.

அடுத்த பதிப்பில் அந்த இடம் வந்தது. கூடவே, கும்மிடிப்பூண்டி கேட்டுக்கொண்டதற்கு இணங்க என்று ஒரு வரி. அவள் அதை அச்செடுத்து இரண்டு மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

ஸ்டோர் சாருக்குச் சர்க்கரை இறங்க இன்னும் பல மாதம் ஆயிற்று. குடும்பத்தோடு திருப்பதி போகிறேன் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது தலையில் முடி அப்படியே இருந்தது, முகத்தில் கறுப்புக் கண்ணாடி. டிஸ்பாட்ச் ஆபீசர் வழியிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், மொட்டையும் போடல, லட்டும் காணோம். சாமி கண்ணையா குத்திச்சி?"

ஸ்டோர் சார் முதலில் முழித்தார். பிறகு சிரித்துவிட்டார். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. டிஸ்பாட்ச் ஆபீசருக்குத் தெரியும். ஃபிட்டர்களுக்குத் தெரியும். கேட்டில் இருப்பவருக்கும் தெரியும். அவர் மறைக்கிறாரே என்று எல்லோரும் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார்கள். நம்பரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால் படித்திருக்கிறார்கள்.

"தெரிஞ்சிக்கினே எதுக்கு சார் பூசணிக்கான்னு அவ்ளோ கத்துனீங்க?" என்று அவள் ஆபீசரைக் கேட்டாள்.

"அது எம்பக்கம்மா! எங்கண்ணு நல்லாத்தானே கீது" என்றார்.

இரண்டாவது கண்ணும் முடிந்து, கறுப்புக் கண்ணாடி போய், சாதாரணக் கண்ணாடி வந்த வாரத்தில் ஸ்டோர் சார் எங்கள் அறைக்கு வந்தார். இந்தத் தடவை உள்ளேயே வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, தப்பா நெனச்சிக்காத. அந்த எழுத்து ரொம்பப் பெருசா கீதும்மா. சின்னப் புள்ளைங்க பாடபுக்கு மாரி. வர்றவனுங்க சிரிக்கிறானுங்க."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் முகத்தில் கோபம் வரப் பார்த்தது, சிரிப்பு வந்தது.

"சின்னது பண்ணிடலாம் சார். எவ்ளோ வேணும்?"

"அத்த எங்க எழுதுவீங்க?" என்றார். இத்தனை வருடம் அந்தத் திரையோடு மல்லுக்கட்டிய மனிதர். அது எங்கிருந்து அப்படி வருகிறது என்று பார்த்ததே இல்லை. அவள் தன் நாற்காலியைக் கொடுத்தாள். கோப்பைத் திறந்து, 'ஸ்டோர்' என்று தொடங்கும் வரியைக் காட்டினேன். எழுத்தின் அளவு பதினெட்டு என்றிருந்தது.

"இந்த நம்பர மாத்துனா மாறிடுமா?"

"மாத்திப் பாருங்க சார்."

ஒற்றை விரலால் பதினெட்டை அழித்தார். யோசித்தார். எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, தொண்ணூறு என்று அடித்தார். சேமித்து, ஸ்டோர் பக்கத்தைத் திறந்தோம். 'பேரிங்' என்ற ஒரே ஒரு சொல் திரை முழுக்க வந்து நின்றது. அதிலும் கடைசி எழுத்து பாதி வெட்டுப்பட்டு. அவர் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் அன்றுதான் பார்த்தோம். தோளெல்லாம் குலுங்கியது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த டிஸ்பாட்ச் ஆபீசர் எதுவும் கேட்காமல் உள்ளே வந்து, ஏசிக்கு நேராக நின்றுகொண்டு அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.

"இன்னும் ஒருவாட்டி" என்றார் ஸ்டோர் சார். இந்தத் தடவை பன்னிரண்டு அடித்தார். போய்த் தன் மேசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, "போதும்மா, நல்லா கீது" என்றார். அவள் மட்டும் நம்பவில்லை. அவர் போனபின் அதைப் பதின்மூன்றாக்கிச் சேமித்தாள். நான் பார்த்தேன், இரண்டு பேருடைய பையையும் எடுத்துக்கொண்டேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டிருந்தது.